தவணை எழுதாத முறி

காரைக்குடியில் போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் ஒரு தம்பி, என் பழைய மாணவரின் மகன், எழுதிக் கேட்டிருக்கிறார்: "அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் இந்தியா இன்றுவரை கையெழுத்துப் போடவில்லை. குண்டும் வைத்திருக்கிறது. ஆனால் ஈரான் குண்டு செய்துவிடக் கூடாது என்று வல்லரசுகளோடு சேர்ந்து வாக்களித்தது. இது இரட்டை வேடம் இல்லையா ஐயா? தேர்வில் கேட்டால் என்ன எழுதுவது?"

தேர்வுக்கு எழுத வேண்டியது இரண்டு வரிதான். இந்தியா கையெழுத்துப் போடவில்லை, அதனால் மீறவில்லை. ஈரான் 1968இலேயே கையெழுத்துப் போட்டது, அதனால் கட்டுப்பட்டது. சட்டம் இங்கே முடிந்துவிடுகிறது. நீங்கள் கேட்பது சட்டத்தை அல்ல, நியாயத்தை என்பதால்தான் இந்த நீளமான பதில்.

என் பாட்டனார் ரங்கூனில் ஒரு செட்டியார் கடையில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். 1942இல் ஜப்பான்காரன் வந்தபோது நடந்தே ஊர் திரும்பிய கூட்டத்தில் அவரும் ஒருவர். எந்தக் கடன் முறியைக் கையில் எடுத்தாலும் அவர் கண் முதலில் தேடுவது தொகையை அல்ல, தவணையை. "கொடுக்கிறேன் என்று எல்லாரும்தான் எழுதுவான், என்றைக்கு என்று எழுதியிருக்கிறானா பார்" என்பார். பரவல் தடை ஒப்பந்தத்தை முதன்முதலில் முழுதாகப் படித்தபோது எனக்கு அந்தக் குரல்தான் கேட்டது. நீங்களும் அந்தக் கண்ணோடு படியுங்கள்.

அந்த ஒப்பந்தம் 1968 ஜூலை 1 அன்று கையெழுத்துக்கு வைக்கப்பட்டது, 1970 மார்ச் 5 அன்று நடைமுறைக்கு வந்தது. உள்ளே இருப்பது ஒரு கொடுக்கல் வாங்கல். குண்டு இல்லாத நாடுகள், இனி எந்நாளும் செய்வதில்லை என்று எழுதிக் கொடுக்கின்றன. தங்கள் அணு உலைகளைச் சர்வதேச அணுசக்தி முகமையின் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடுகின்றன. பதிலாக, மின்சாரம், மருத்துவம் போன்ற அமைதிப் பணிகளுக்கு அணு நுட்பம் பெறும் உரிமை அவர்களுக்கு உண்டு; இது நான்காம் பிரிவு. குண்டு வைத்திருப்பவர்கள் கொடுக்க வேண்டியது ஆறாம் பிரிவில் இருக்கிறது. ஆயுதக் குறைப்புக்காக நல்லெண்ணத்தோடு பேச்சுவார்த்தை நடத்துவார்களாம். எந்த ஆண்டுக்குள்? அது எழுதப்படவில்லை. எத்தனை குண்டு குறையும்? அதுவும் இல்லை.

தேதியே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஒரே ஒரு தேதி இருக்கிறது. 1967 ஜனவரி 1க்கு முன் அணுகுண்டு வெடித்துக் காட்டிய நாடுதான் 'அணு ஆயுத நாடு' என்கிறது ஒன்பதாம் பிரிவு. அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், பிரிட்டன், பிரான்ஸ், சீனா என்று அந்த ஐந்து பேரோடு கதவு மூடப்பட்டது. நம் பக்கத்து வழக்கத்தை வைத்துச் சொன்னால் எளிதில் விளங்கும். நகரத்தார் கோயில்களில் கல்யாணம் முடித்த ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி. புதிதாகக் கல்யாணம் நடந்தால் புதிதாக ஒரு புள்ளி ஏறும், புள்ளி வரியும் ஏறும். 'இன்ன தேதிக்கு முன் கல்யாணம் முடித்தவர்கள் மட்டுமே புள்ளி; பிறகு வருகிறவர்கள் வரியை மட்டும் கட்டிவிட்டுப் போகலாம்' என்று எந்தக் கோயிலிலாவது தீர்மானம் போட்டால் என்ன நடக்கும்? மறுநாள் காலை அந்தக் கோயில் வாசலில் நிற்க முடியாது.

இந்தத் தேதி இந்தியாவுக்கு ஏன் அவ்வளவு கசந்தது என்பதற்குச் சீனாவைப் பார்க்க வேண்டும். 1962 போரில் நம்மைத் தோற்கடித்த நாடு, 1964 அக்டோபர் 16 அன்று லோப் நூரில் தன் முதல் குண்டை வெடித்தது. தேதிக்கு இரண்டே கால் ஆண்டு முன்னதாக. ஆகவே அது உள்ளே. குண்டு செய்யும் அறிவு அப்போதே ஓரளவு கைக்கு வந்திருந்தும், செய்யாமல் பொறுத்திருந்த நாடு வெளியே. பொறுமைக்குப் பரிசாக நிரந்தரக் கீழ்த்தட்டு. 1968 ஜூன் 12 அன்று ஐ.நா. பொதுச்சபையில் இந்த ஒப்பந்தத்தை வரவேற்கும் தீர்மானம் 95க்கு 4 என்று நிறைவேறியது. ஒதுங்கி நின்ற 21 நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

இதைப் படிக்கிறவர்கள் பலர், குண்டு ஆசையால்தான் இந்தியா அன்று மறுத்தது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அது பாதி உண்மை. மறுபாதியைச் சொல்லத்தான் ராஜாஜியை இழுக்க வேண்டியிருக்கிறது.

1954 மார்ச் 1 அன்று பிகினி தீவில் அமெரிக்கா வெடித்த நீர்வாயுக் குண்டின் சாம்பல், தொலைவில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகின் மேல் விழுந்தது. அடுத்த மாதமே, ஏப்ரல் 2 அன்று, எல்லா நாடுகளும் சோதனைகளை நிறுத்தி வைக்க வேண்டும் என்று நேரு நாடாளுமன்றத்தில் கேட்டார். அணுச்சோதனையை நிறுத்தச் சொல்லி உலக மேடையில் எழுந்த முதல் அரசுக் குரல்களில் ஒன்று அது. பிறகு 1962 செப்டம்பரில் 83 வயது ராஜாஜி, வாழ்நாளில் முதல் தடவையாகக் கடல் கடந்தார். காந்தி அமைதி நிறுவனத்தின் தூதுக்குழுவுக்குத் தலைமை ஏற்று வாஷிங்டன் போய், சோதனைகளை நிறுத்துங்கள் என்று கென்னடியிடம் நேரில் கேட்டார். உள்நாட்டில் நேருவின் கடும் எதிரி, சுதந்திராக் கட்சியை நடத்திக்கொண்டிருந்தவர். குண்டு விஷயத்தில் இருவரும் ஒரே பக்கம். அடுத்த ஆண்டு வளிமண்டலத்திலும் கடலிலும் விண்வெளியிலும் வெடிக்கத் தடை விதித்த பகுதிச் சோதனைத் தடை ஒப்பந்தம் வந்தபோது இந்தியா தயங்காமல் கையெழுத்துப் போட்டது. எல்லாருக்கும் ஒரே விதி என்றால் கையெழுத்துப் போட்ட நாடு இது என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஆனால் நேருவின் இன்னொரு கை வேறு வேலையும் பார்த்துக்கொண்டிருந்தது. 1948 ஜூலையில் இதே காரைக்குடிக்கு வந்து, அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கரிலும் 15 லட்சம் ரூபாயிலும் எழுந்த மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்துக்கு அடிக்கல் நாட்டினார். அடுத்த மாதம் அணுசக்தி ஆணையம் அமைந்தது, ஹோமி பாபா தலைவரானார். (அழகப்பா சாலை வழியாகப் போகிறவர்களுக்கு இரண்டும் அடுத்தடுத்த மாதங்களில் நடந்தவை என்பது தெரிந்திருக்க நியாயமில்லை.) டிராம்பேயில் கனடா கொடுத்த ஆராய்ச்சி உலை சைரஸ், அமெரிக்கா கொடுத்த கனநீரோடு 1960இல் இயங்கத் தொடங்கியது. எரிந்த எரிபொருளிலிருந்து புளூட்டோனியத்தைப் பிரித்தெடுக்கும் ஆலையும் 1960களின் நடுவில் தயாராகிவிட்டது. அரிசியும் இருந்தது, அடுப்பும் இருந்தது. சமைக்கலாமா என்ற முடிவு மட்டும் பாக்கி.

1974 மே 18 அன்று பொக்ரானில் சமைத்தார்கள். வெடித்த புளூட்டோனியம் சைரஸ் உலையில் விளைந்தது. அமைதிப் பணிக்கு மட்டும் என்ற உறுதியோடு வாங்கிய உலை, வாங்கிய கனநீர். 'அமைதிக்கான அணுவெடிப்பு' என்று அரசு பெயர் வைத்தது. அந்தப் பெயரை நாம் கற்பனையில் உருவாக்கவில்லை. கால்வாய் தோண்டவும் எண்ணெய் எடுக்கவும் அணுவெடி உதவும் என்று அமெரிக்காவே திட்டம் போட்டிருந்தது, பரவல் தடை ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவே அத்தகைய வெடிப்புகளைப் பற்றிப் பேசுகிறது. வழக்காடினால் வாதம் நிற்கும். ஆனால் எங்கள் பாட்டனார் இதை ஒப்புக்கொண்டிருக்க மாட்டார். கொடுத்தவன் என்ன நினைத்துக் கொடுத்தான் என்பது வாங்கியவனுக்குத் தெரியும். அந்தச் சோதனையில் முன்னின்ற ராஜா ராமண்ணா 1997இல், அது குண்டுதான் என்று தாமே ஒப்புக்கொண்டார். என் கணிப்பில், இந்தியாவின் அணுக் கணக்கில் ஒரு வரியை அடிக்க முடிந்தால் அடிக்க வேண்டிய வரி இதுதான். குண்டு செய்ததற்காகச் சொல்லவில்லை. பெயர் மாற்றி எழுதியதற்காகச் சொல்கிறேன். சுத்தமான கை என்று சொல்லிக்கொள்ளும் தகுதி அன்றைக்குக் கொஞ்சம் போயிற்று.

இடையில் ஒரு திருத்தம். உங்கள் குறிப்பில் 1974 சோதனை புத்த பூர்ணிமா அன்று நடந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். பல நூல்களிலும் அப்படித்தான் இருக்கிறது. அந்த ஆண்டு, வைசாக மாதப் பௌர்ணமிக் கணக்கில் வரும் புத்த பூர்ணிமா மே 6. பௌர்ணமி நாளில் நடந்தது 1998 மே 11 சோதனை. 1974 சோதனைக்கு வழங்கும் 'சிரிக்கும் புத்தர்' என்ற பெயர்தான் இந்தக் குழப்பத்துக்குக் காரணம்.

1974க்கு விலையும் கொடுத்தோம். கனடா உறவை அறுத்துக்கொண்டது. தாராப்பூர் அணுமின் நிலையத்துக்கு வந்துகொண்டிருந்த அமெரிக்க எரிபொருள், 1978இல் அவர்கள் போட்ட புதுச் சட்டத்தால் நின்றது. அணுப்பொருள் விற்கும் ஏழு நாடுகள் லண்டனில் கூடி, யாருக்கு எதை விற்கலாம் என்று விதி எழுதத் தொடங்கின. இன்று 48 நாடுகள் கொண்ட அணுப்பொருள் வழங்கும் நாடுகள் குழுவின் தொடக்கம் அதுதான். நம்மால் பிறந்த குழு, நம்மை வெளியே வைப்பதற்காகப் பிறந்த குழு.

அந்தத் தடை இந்திய விஞ்ஞானிகளை முடக்கிவிடவில்லை என்பதற்கு நம் கடற்கரையே சாட்சி. கல்பாக்கத்தில் 1983இல் இயங்கத் தொடங்கிய மின் உலையை நம்மவர்களே கட்டினார்கள். அங்கேயே 1985இல், எரிபொருளைத் தானே ஈனும் வகையான வேக ஈனுலை ஒன்று இயங்கியது. அதற்குப் பிரான்சிலிருந்து வரவேண்டிய செறிவூட்டிய யுரேனியம் வராமல் போகவே, புளூட்டோனியமும் யுரேனியமும் கலந்த கார்பைடு எரிபொருளைத் தாமே செய்து போட்டார்கள். இயற்பியல் பாடம் எடுத்த காலத்தில் இதை நான் பெருமையோடு சொல்லியிருக்கிறேன், இப்போதும் சொல்வேன். கூடவே இதையும் சொல்ல வேண்டும்: மின்சாரத் திட்டம் பல ஆண்டுகள் பின்தங்கியது. வீம்புக்கு வட்டி உண்டு.

தவணைக்கு வருவோம். 1988 ஜூன் 9 அன்று ராஜீவ் காந்தி ஐ.நா. பொதுச்சபையில் ஒரு திட்டத்தை வைத்தார். 2010ஆம் ஆண்டுக்குள், மூன்று கட்டமாக, உலகத்தில் ஒரு அணு ஆயுதமும் இல்லாமல் செய்வது. வல்லரசுகள் எழுத மறுத்த தேதியை இந்தியா எழுதிக் காட்டியது. யாரும் பொருட்படுத்தவில்லை. 1995 மே மாதம் பரவல் தடை ஒப்பந்தத்தைக் காலவரையின்றி நீட்டித்தார்கள். தவணையில்லாத முறி நிரந்தர முறி ஆயிற்று. அடுத்த ஆண்டு ஜெனீவாவில் முழுமையான சோதனைத் தடை ஒப்பந்தம் வந்தபோது, ஆயுத ஒழிப்புக்குக் கால வரம்பு சேருங்கள் என்று இந்தியா கேட்டது. இந்தியத் தூதர் அருந்ததி கோஷ் அங்கே தனியாக நின்று மறுத்தார். 1996 செப்டம்பரில் பொதுச்சபையில் 158க்கு 3 என்ற வாக்கில் அது நிறைவேறியது. எதிர்த்த மூவர் இந்தியா, பூடான், லிபியா. பெயர் குறிப்பிட்ட 44 நாடுகளும் ஏற்றால்தான் நடைமுறைக்கு வரும் என்ற நிபந்தனையால் அந்த ஒப்பந்தம் இன்றுவரை தொங்கலில் நிற்கிறது. அமெரிக்க செனட்டே 1999இல் அதை நிராகரித்தது. ரஷ்யா தான் கொடுத்த ஒப்புதலை 2023இல் திரும்ப வாங்கிக்கொண்டது. நம்மை மட்டும் குறை சொல்வதற்கு அங்கே இடமில்லை.

1998 மே 11 அன்றும் 13 அன்றும் ஐந்து வெடிப்புகள். பஸ் நிலையத்துக்கு எதிரே நான் வழக்கமாகச் செய்தித்தாள் படிக்கும் டீக்கடையில் அன்று காசு வாங்காமல் டீ கொடுத்தார்கள். அப்துல் கலாம் படம் கல்லாவுக்கு மேல் ஏறியது. ராமேசுவரம் நமக்கு அயலூர் இல்லையே. 1985வரை காரைக்குடியும் ராமேசுவரமும் ஒரே ராமநாதபுரம் மாவட்டம். அணுசக்தித் துறைக்குத் தலைமை தாங்கிய ஆர். சிதம்பரமும் தமிழர்தான் என்று நான் சொன்னேன். யாரும் கேட்கிற மனநிலையில் இல்லை. மே 28 அன்று பாகிஸ்தான் சாகாய் மலையில் வெடித்தபோது அதே கடையில் எல்லாரும் அமைதியாகப் பேப்பர் படித்தோம். டீக்குக் காசு வாங்கினார்கள்.

குண்டால் பாதுகாப்பு கூடியதா என்ற கேள்விக்கு நான் உறுதியான விடை தர மாட்டேன். ஓராண்டுக்குள் கார்கில் நடந்தது, ஆகவே குண்டு தடுக்கவில்லை என்பார்கள். கார்கில் முழுப் போராக வளரவில்லை, ஆகவே தடுத்தது என்றும் அதே நிகழ்ச்சியை வைத்துச் சொல்வார்கள். தேர்வில் இரண்டையும் எழுதுங்கள்.

2003 ஜனவரி 4 அன்று அரசு தன் அணுக் கொள்கையை அதிகாரபூர்வமாக வெளியிட்டது. நம்பத்தகுந்த குறைந்தபட்சத் தடுப்புவலிமை (எதிரியைத் தயங்கவைக்கத் தேவையான அளவு ஆயுதம் மட்டும்), முதலில் பயன்படுத்துவதில்லை, நம் மீது பயன்படுத்தினால் தாங்க முடியாத பதிலடி, ஆணையிடும் உரிமை பிரதமர் தலைமையிலான அரசியல் குழுவுக்கு மட்டும். இந்த 'முதலில் பயன்படுத்துவதில்லை' என்பதில் ஒரு கிளை வாசகம் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை: உயிரியல் அல்லது ரசாயன ஆயுதத்தால் பெருந்தாக்குதல் நடந்தால் அணு ஆயுதத்தால் பதில் தரும் உரிமையை இந்தியா வைத்துக்கொண்டிருக்கிறது. 2019 ஆகஸ்டில் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங், பொக்ரானிலேயே நின்று, வருங்காலத்தில் என்ன என்பது சூழ்நிலையைப் பொறுத்தது என்றார். கொள்கை மாறவில்லை. ஆனால் வாயால் கொடுத்த வாக்கு வாயாலேயே தளரும் என்பதற்கு அது அடையாளம். எண்ணிக்கையைப் பார்த்தால், ஸ்டாக்ஹோம் அமைதி ஆய்வு நிறுவனம் 2025 ஜனவரிக்குப் போட்ட மதிப்பீட்டில் உலகில் 12,241 அணு ஆயுதங்கள். அவற்றில் இந்தியாவிடம் சுமார் 180, பாகிஸ்தானிடம் 170, சீனாவிடம் 600. மிச்சத்தில் பெரும்பகுதி ரஷ்யாவிடமும் அமெரிக்காவிடமும்.

இனி ஈரான். 2005 ஜூலை 18 அன்று இந்தியாவும் அமெரிக்காவும் அணுசக்தி ஒத்துழைப்புக்குக் கூட்டறிக்கை விட்டன. செப்டம்பர் 24 அன்று சர்வதேச முகமையின் ஆளுநர் குழுவில் இந்தியா ஈரானுக்கு எதிராக வாக்களித்தது. இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஈரான் தான் போட்ட கையெழுத்தை மதிக்க வேண்டும் என்று சொன்னது சரியான வாதம்தான். யுரேனியம் செறிவூட்டும் நதான்ஸ் ஆலை 2002இல் வெளியே தெரிந்தபோது ஈரான் முகமையிடம் பலவற்றை மறைத்திருந்ததும் உண்மை. ஆனாலும் அந்த வாக்குக்குப் பின்னால் வாதம் மட்டுமே இருந்தது என்று நான் சொன்னால் நீங்கள் நம்பக் கூடாது. 2008 செப்டம்பர் 6 அன்று வழங்கும் நாடுகள் குழு இந்தியாவுக்கு விதிவிலக்கு தந்தது. 22 மின் உலைகளில் 14ஐ முகமையின் கண்காணிப்பில் விடுவதாக நாம் ஒப்புக்கொண்டோம், மற்றவற்றை நம்மிடமே வைத்துக்கொண்டோம். கையெழுத்துப் போடாமலே உள்ளே இருப்பவர்களுக்குரிய சலுகை பெரும்பாலும் கிடைத்துவிட்டது. அந்தக் குழுவில் உறுப்பினராவதை மட்டும் சீனா தடுத்துக்கொண்டிருக்கிறது.

வட கொரியாவை ஈரானோடு சேர்த்து எழுதாதீர்கள். அது 1985இல் சேர்ந்து, 2003இல் விலகுவதாக அறிவித்து, 2006இல் வெடித்தது. உள்ளே இருந்து கற்றுக்கொண்டு வெளியே போன கதை. தென்னாப்பிரிக்கா இதற்கு நேர்மாறு: செய்து முடித்த ஆறு குண்டுகளையும் பிரித்துப் போட்டுவிட்டு 1991இல் ஒப்பந்தத்தில் சேர்ந்தது.

நம் வரவுப் பக்கத்தில் துணிந்து எழுதக்கூடிய ஒன்று உண்டு. பாகிஸ்தானின் ஏ.க்யூ. கானின் வலையமைப்பு லிபியா, ஈரான், வட கொரியாவுக்குச் செறிவூட்டும் நுட்பம் விற்றது 2004இல் அம்பலமானது. அப்படியொரு சரக்கை இந்தியா யாருக்கும் விற்றதில்லை. பரவல் தடையில் கையெழுத்துப் போடாமலே பரவவிடாமல் இருந்த நாடு என்று சொல்லிக்கொள்ள நமக்கு உரிமை இருக்கிறது. சீனா பாகிஸ்தானுக்குச் செய்த உதவியோடு ஒப்பிட்டால், கையெழுத்துப் போட்டவனை விடப் போடாதவன் ஒழுங்காக நடந்திருக்கிறான்.

பற்றுப் பக்கத்தில் எழுத வேண்டியது 2017. அணு ஆயுதங்களை முற்றாகத் தடை செய்யும் ஒப்பந்தம் அந்த ஆண்டு ஜூலை 7 அன்று ஐ.நா.வில் நிறைவேறியது, 2021 ஜனவரி 22 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. முன்வாசல், பின்வாசல் என்ற பாகுபாடே இல்லாமல், எல்லாருக்கும் ஒரே விதி. 1968இல் நாம் கேட்டது ஏறக்குறைய அதுதான். குண்டு வைத்திருக்கும் ஒன்பது நாடுகளும் அந்தப் பேச்சுவார்த்தைக்கே போகவில்லை. அந்த ஒன்பதில் நாமும் ஒருவர். ஆகவே தம்பி, இரட்டை வேடம் என்ற சொல்லை 1968க்குப் போடாதீர்கள். இந்த இடத்துக்குப் போட்டால் நான் மறுக்க மாட்டேன். நாங்களும் ஒழிக்கத்தான் விரும்புகிறோம் என்கிறோம். என்றைக்கு என்று இப்போது நாமும் எழுதுவதில்லை.

தேதி எழுதிய தாள் ஒன்று நம்மிடம் இருக்கிறது, அதையும் உங்கள் குறிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள், தேர்வில் கேட்கிறார்கள். ஒருவர் அணு நிலையத்தை மற்றவர் தாக்குவதில்லை என்று 1988 டிசம்பர் 31 அன்று இந்தியாவும் பாகிஸ்தானும் ஒப்பந்தம் போட்டன. அதன்படி 1992 முதல் ஆண்டுதோறும் ஜனவரி 1 அன்று இரு நாடுகளும் தங்கள் அணு நிலையங்களின் பட்டியலைக் கைமாற்றிக்கொள்கின்றன. கார்கில் முடிந்த அடுத்த ஜனவரியிலும் கொடுத்தார்கள். நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பின் இரு படைகளும் எல்லையில் நின்ற 2002 ஜனவரி 1 அன்றும் கொடுத்தார்கள்.